மூச்சு எண்ணிய மாடிவீட்டம்மா

காரமடை ரோட்டில் இன்றைக்கு நிற்கிற எசன்ஸ் கம்பெனி நான் கட்டியது. அதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்த தகரக் கொட்டகை நான் போட்டது. அதற்கும் முன்னால் சைக்கிள் கேரியரில் ஆறு பாட்டிலைக் கட்டிக்கொண்டு பேக்கரி பேக்கரியாக அலைந்தவனும் நான்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வென்னிலா என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் இன்றைக்கும் முழிப்பேன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொல்லுங்கள். எந்த ஊர்ச் சரக்கு, மூடி திறந்து எத்தனை நாள் ஆனது என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்லடம் வரை நீங்கள் தின்ற தேங்காய் பன்னிலும் குடித்த பன்னீர் சோடாவிலும் என் கை இருக்கிறது. "தண்ணியில வாசம் கலந்து விக்கறவன்" என்று சிரித்த சொந்தக்காரர்களின் வீட்டுக் கல்யாணத்துக்கே ரோஸ்மில்க் என் கம்பெனியிலிருந்துதான் போனது.

பெருமைக்குத்தான் சொல்கிறேன். இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றியல்ல. என் வீட்டு மாடியில் நாலு வருஷம் குடியிருந்த ஒரு நர்சம்மாவைப் பற்றி. சென்னிமலைப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பெண். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெயரைப் போட்டால் அந்தம்மாவுக்குப் பிடிக்காது. எங்களுக்கு அவர் மாடிவீட்டம்மா.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. வாடகை, தண்ணீர், கேட் பூட்டுகிற நேரம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார், வாட்ச் தெரிகிற மாதிரி. நான் நிறுத்தியதும் கேட்டார்:

"ஏனுங்ணா, பீடி குடிப்பீங்களா?"

"விட்டுப் பத்து வருசமாச்சு. ஏன்?"

"சும்மா உக்காந்திருக்கறப்பவே நிமிசத்துக்கு இருவத்திரண்டு ஓடுது. அதான் கேட்டனுங்."

வாடகைக்கு வந்தவள் வீட்டுக்காரனின் மூச்சை எண்ணியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து, "எனக்கு எத்தனைன்னு பாரு கண்ணு" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். வீடு கைமாறிவிட்டது.

அந்தம்மாவால் எண்ணாமல் இருக்க முடியாது. பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், கட்டில் கொடுக்க வந்த ஆசாரி, யார் வந்தாலும் கண் முதலில் நெஞ்சுக்குழிக்குப் போகும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பார்த்துக்கொண்டே ரசத்தைக் கோட்டை விடுவார். பேசிக்கொண்டிருக்கிறபோதே உதடு அசையும். அசைந்தால் நாம் சொல்வது காதில் விழவில்லை என்று அர்த்தம். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். முழுசாகச் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. எந்த நேரமும் எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி ஒரு இருப்பு. பாதி வாக்கியத்தில், "இருங் வாரேன்" என்று மாடிக்கு ஓடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தை இருமியிருக்கும்.

"ஏனுங்க, அந்தம்மிணி நம்ம கோழிக்கும் எண்ணுது" என்றாள் சம்சாரம் ஒரு நாள்.

"கோழிக்கு எத்தனையாம்?"

"அது நிக்கமாட்டீங்குதாம். திட்டிக்கிட்டிருக்குது."

இன்னும் இரண்டு பழக்கம் இருந்தது. எந்தப் பாட்டிலையும் குலுக்க மாட்டார். மோரை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால், படுக்க வைத்து மெல்ல உருட்டுவார். அப்புறம், சில்லென்று இருக்கிற எதையும் உடனே பயன்படுத்த மாட்டார். கண் சொட்டு மருந்தோ தலைக்கு வைக்கிற எண்ணெயோ, உள்ளங்கையில் மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் திறப்பார். நாளெல்லாம் குலுக்கிக் குலுக்கியே கம்பெனி கட்டியவன் நான். எனக்கு அது பார்க்கவே ஆகாது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அன்றைக்குத்தான் வேலை என்ன என்று சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாசக் குழந்தைகள் வார்டு.

"ஆறு மாசம், ஏழு மாசத்துல பொறந்துபோடுதுங்ணா. கைக்குள்ள அடங்கும். மூச்சு இழுக்கும், ஆனா நெஞ்சு விரியாது. நெஞ்சுக்குள்ள நொரையீரல்ல குட்டிக் குட்டிப் பையா இருக்குது, கோடிக்கணக்குல. உள்பக்கமெல்லாம் ஈரம். ஈரமான பாலித்தீன் கவரப் பிரிச்சிருக்கறீங்களா? ரெண்டு பக்கமும் எப்படி ஒட்டிக்கும்?"

"எச்சி தொட்டாத்தான் வரும்."

"அப்படித்தான் அந்தப் பையும் மூச்சு உடறப்ப ஒட்டிக்கப் பாக்கும். ஒட்டாம வெச்சிருக்கறது மேல படிஞ்ச ஒரு படலம். கண்ணுக்கே தெரியாது, அத்தன மெலுசு. உங்களுக்கும் எனக்கும் அது தன்னால ஊறுது. சீக்கிரம் வந்த புள்ளைக்கு ஊற நேரமில்லைங். அதுக்குத்தான் ஒரு வெள்ள மருந்து. பாலாட்டம் இருக்கும். குழாய் வழியா நேரா நெஞ்சுக்குள்ள உடுவாங்க. குளுகுளுன்னு உடக் கூடாது, கையில வெச்சு சூடு பண்ணணும். குலுக்கக் கூடாது, நொரைச்சுப்போடும். இருவது வருசமா இதே வேலை. கை மறக்கமாட்டீங்குது."

"மருந்து போனா?"

அந்தம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீலமா இருந்தது செவப்பா வருங்ணா. நாம பாத்துக்கிட்டு இருக்கறப்பவே. எண்ணிக்கை எறங்கும் பாருங்க, எம்பது, எழுவது, அறுவது... நிறுத்தாம எண்ணிக்கிட்டே இருப்பேன்."

எண்ணுவது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. பிடித்தும் போனது. அதற்கப்புறம் என் மூச்சை எண்ணினால் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தம்மாவின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

கோயமுத்தூரில் காலேஜ் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் பேனா மாதிரி ஒன்றை உறிஞ்சிப் புகை விட ஆரம்பித்திருந்த சமயம் அது. வேப் என்றார்கள். அப்போது தடை வந்திருக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். அதற்குள் ஊற்றுகிற தண்ணீருக்கு வாசம் வேண்டும், மாம்பழம், புதினா, வெண்ணெய் பிஸ்கட் என்றார். என்னை விட்டால் யார்? செய்து கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். வாசம் அருமை, புகை கெட்டியாக இல்லை, க்ரீம் மாதிரி நெஞ்சில் நிற்கவில்லை என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். வைட்டமின் எண்ணெய் ஞாபகம் வந்தது. மாத்திரைக்குள் தேன் பதத்தில் மஞ்சளாக இருக்குமே, அது. மாத்திரையாக விழுங்குகிறார்கள், முகத்துக்குப் பூசுகிறார்கள். புகையும் கெட்டியாகும், இழுக்கிறவனுக்குச் சத்தும் சேரும் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தண்ணீரில் எண்ணெய் சேராது. சேராததைச் சேர்த்துக் காட்டுவதுதான் என் தொழில். சேர்த்தேன். வெளியூர்க்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் இரண்டு கட்டுப்பாடு. எந்த எசன்ஸுக்கும் பெயர் எழுத மாட்டோம், நம்பர்தான். எந்த நம்பரில் என்ன இருக்கிறது என்பது முதலாளி தலைக்குள்ளும் அவர் பூட்டி வைத்த நோட்டிலும்தான் இருக்கும், பெற்ற பிள்ளைக்கும் தெரியாது. புதுச் சரக்குக்குப் பதினொன்று என்று நம்பர் போட்டேன். இன்னொரு கட்டுப்பாடு, கலக்கியவன் ருசி பார்க்காமல் மூடி போடக் கூடாது. நாற்பது வருஷம் தப்பவில்லை. பதினோராம் நம்பரையும் முதலில் நான்தான் இழுத்தேன். ஒரே இழுப்பில் இருமல் பிடுங்கிக்கொண்டது. பீடி குடித்த நெஞ்சு, இது சரிப்படாது என்று நினைத்தேன். மகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அவனுக்கு அப்போது இருபத்தேழு. டீயைத் தவிர ஒரு பழக்கம் இல்லாதவன்.

"எனக்கெதுக்குங்கப்பா இது?"

"குடிக்கச் சொல்லலடா. ருசி பாக்கச் சொன்னேன். தொழிலு."

ஒவ்வொரு கலவைக்கும் ஏழெட்டு இழுப்பு. தினம் மூன்று கலவை. மாசக்கணக்கில்.

மாடிவீட்டம்மாவின் மூக்குக்கு அது எட்டியது. மகன் சட்டையில் வெண்ணெய் பிஸ்கட் மணக்கிறதே என்று விசாரித்துக் கம்பெனிக்கே வந்துவிட்டார். ட்யூட்டி முடிந்த கையோடு, வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல்.

"நெஞ்சுக்குள்ள போறதுல எண்ணெய் இருக்குதுங்களாண்ணா?"

"எல்லாம் சாப்பிடற சாமான் அம்மணி. குழந்தை தின்னற பிஸ்கட்ல போடறதுதான்."

"வயிறு வேறீங்க, நெஞ்சு வேறீங்க. வயித்துல எதப் போட்டாலும் அரைச்சுத் தள்ளிப்போடும். நெஞ்சுக்குள்ள அந்தப் படலம் ஒண்ணுதான் காவல்."

கையிலிருந்த வளையலைக் கழற்றினார். கை கழுவுகிற இடத்தில் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தார். வளையலுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் நின்று ஆடியது. சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயில் குச்சியை நனைத்துத் தொட்டார். பட்டென்று போய்விட்டது. நெஞ்சுக்குள் இருப்பது சோப்பு இல்லை, அது இதே மாதிரி பட்டென்று உடையாது, இது கண்ணுக்குக் காட்டத்தான் என்றும் சொன்னார். படலத்தில் எண்ணெய் கலந்தால் அது தன் வேலையை மறந்துவிடும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இத நீ எனக்குச் சொல்லணுமா? பல்லடத்துல ஒரு சோடாக்காரரு, உங்க எலுமிச்ச எசன்ஸ் உட்டா நொரை நிக்கமாட்டீங்குதுன்னு சண்டைக்கே வந்தாரு. எண்ணெயில கலக்குன சரக்கு மாறிப் போயிருச்சு. எண்ணெய் பட்டா நொரை சாகும். இந்த ஜில்லாவுலயே முதல்ல கண்டுபுடிச்சவன் நான்."

அந்தம்மா என்னையே பார்த்தார். முதன்முதலாக நெஞ்சை விட்டு முகத்தைப் பார்த்தார். வளையலைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் எண்ணிக்கை என் மகன் பக்கம் திரும்பியது. அவன் பைக்கை வெளியே எடுத்தால் மாடிக் கைப்பிடியில் அந்தம்மா நிற்பார். "தம்பி, கொஞ்சம் நில்லு சாமி." இருபது என்பார். அடுத்த வாரம் இருபத்துநாலு. மகனுக்கு வெட்கம், எனக்கு ஆத்திரம். "எங்க ஊட்டுப் பையன ஆஸ்பத்திரிக் கட்டில்ல போட்டுப் பாக்கோணுமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். என் சம்சாரம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாடிவீட்டம்மா நாலு நாள் கைப்பிடிக்கு வரவில்லை. ஆனால் ஜன்னல் திரை அசைந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தலையைப் பாதி பின்னியபடி இறங்கி வந்தார். மகன் படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கால் போட்டுவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தான்.

"முப்பத்தாறு. கார எடுங்ணா."

எடுத்தேன். துடியலூர் தாண்டுவதற்குள் அவன் உதடு நாவல் பழம் தின்றவன் மாதிரி ஆகிவிட்டது. அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே போனோம். எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்கவேண்டிய இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. நிமோனியாவாக இருக்கும் என்று கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். கேட்கவில்லை. டாக்டர் மகனிடம் என்ன இழுத்தாய் என்று விசாரித்தார். "பதினொண்ணாம் நம்பர்" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னிடம் வந்தார்.

"ஐயா, எண்ணெயா இருக்கும்னு நர்சம்மா சந்தேகப்படறாங்க. உள்ள என்ன போச்சுன்னு உறுதியாத் தெரிஞ்சா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

"சாப்பிடற சாமான்தானுங்க டாக்டர். எல்லாமே."

இரண்டு நாள் அதையே சொன்னேன். நாற்பது வருஷம் பூட்டி வைத்த வாய். திறந்தால் தொழில் போய்விடும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேன். உண்மையான பயம் வேறு. சொல்லிவிட்டால் அதைக் கொடுத்தவன் நான் என்று ஆகிவிடும். சொல்லாத வரைக்கும் அது காய்ச்சலாக இருக்கலாம், பனியாக இருக்கலாம், யார் கண் பட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தம்மா தன் வார்டிலிருந்து இறங்கி வந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவன் கிடந்தான். மூக்கு வாயெல்லாம் மூடிய மாஸ்க். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. அந்தம்மா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று எண்ண ஆரம்பித்தார். எப்போதும் உதட்டுக்குள் எண்ணுகிறவர் அன்றைக்கு வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"வெள்ள மருந்து இருக்குதே அம்மணி, அத உடச் சொல்லு. எங்கிருந்தாலும் வாங்கிட்டு வாரேன்."

"அது புள்ளைகளுக்குங்ணா. பெரிய நெஞ்சுக்கு அத நம்ப முடியாது. அவன் படலம் அவனுக்கே ஊறி வரோணும். அதுவரைக்கும் தாங்கோணும். பதினொண்ணு. பன்னெண்டு."

முப்பது தாண்டியது. நாற்பதும் தாண்டியது. நாற்பத்து மூன்றில் நிறுத்தி, வாட்சைப் பார்த்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். இரண்டாவது சுற்றில் இருபதைத் தொடுவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"வைட்டமின் எண்ணெய். பாதிக்குப் பாதி. வெண்ணெய் எசன்ஸ். சேர்றதுக்கு ஒரு மருந்து."

அந்தம்மா ஓடினார். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள், நெஞ்சின் வீக்கத்தை அடக்குகிற மருந்தைச் சேர்த்தார்கள். ஆறு நாள். முப்பத்தெட்டு, முப்பது, இருபத்தாறு. ஒவ்வொரு எண்ணையும் அந்தம்மா இறங்கி வந்து சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறிவிடுவார். பதினோராம் நம்பரை டிரம் டிரம்மாகத் திருப்பி வாங்கி அழித்தேன். வெளியூர்க்காரர் ஒரு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டட்டும்.

மகன் பிழைத்தான். முழுசாக என்று சொல்ல முடியாது. மாடி ஏறினால் நடுப்படியில் நிற்கிறான்.

மாடிவீட்டம்மாவுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் காலி செய்தார். சாமான் ஏற்றிய வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் இறங்கி வந்து மகனை நிற்க வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "பதினெட்டு. இத உட்டுப்போடாத சாமி" என்றார். அவ்வளவுதான்.

இத்தோடு முடித்தால் அந்தம்மாவுக்கு நல்ல படமாக அமையும். ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ளே என்ன போனது என்று சரியாக எழுத வைத்தவர், எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் 'வெளியில் வாங்கியது, விவரம் தெரியாது' என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் மானம் போகக் கூடாது என்ற தயவு. அந்தக் காகிதம் எப்படியோ வெளியே கசிந்தது. அவிநாசிப் பக்கம் மகனுக்குப் பேசி முடித்த பெண் வீட்டார், பையன் எங்கேயோ வாங்கிக் கஞ்சா மாதிரி இழுத்தவனாமே என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த இடமும் அப்படியே. என் மகன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, தெரியாம இழுத்துப்போட்டேன்" என்றான்.

நான் நேரில் போய்ச் சொன்னேன், கலக்கியது நான், கொடுத்தது நான், அவன் ருசி பார்த்தான் என்று. பெண்ணின் பெரியப்பா என் தோளைத் தட்டினார். "புள்ளைக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கறீங்க பாருங்க, இதுதானுங்க அப்பன்." பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் செய்யாத எத்தனையோ காரியத்துக்கு எனக்குப் பாராட்டு வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டும் இருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாகப் பாராட்டைக் கேட்டு உடம்பு கூசியது.

அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "தம்பிக்கு எத்தனைங்க இப்ப?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் மெஷின்கள் கூவிக்கொண்டிருந்தன.

"நான் சொன்னது தப்புங்ணா. உங்களுக்குன்னு நெனச்சுச் செஞ்சேன், அவனுக்குப் போயி விழுந்திருக்குது. நீங்க எழுதிப்போடுங்க" என்றவர், "இருங், இங்க ஒரு புள்ளைக்கு எண்ணிக்கை ஏறுது" என்று வைத்துவிட்டார்.

எழுதிவிட்டேன். பதினோராம் நம்பரில் என்ன இருந்தது என்பதையும் மேலேயே சொல்லிவிட்டேன், எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம். சந்தேகப்படுகிறவர்கள் கம்பெனிக்கு வாருங்கள், என் கையெழுத்தில் நோட்டு இருக்கிறது, காட்டுகிறேன். நல்ல அப்பன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதை யோசித்தவன், கலக்கியவன், தன்னால் முடியாததைப் பிள்ளை கையில் கொடுத்தவன், அவன் மூச்சுத் திணறுகிறபோது இரண்டு நாள் வாய் மூடி நின்றவன், எல்லாம் நான். என் மகன் அப்பன் சொன்ன வேலையைச் செய்தான், வேறொன்றும் செய்யவில்லை. இனி எந்தப் பந்தியில், எந்தப் பெண் வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலும், காரமடை ரோட்டு எசன்ஸ்காரன் செய்தது என்று என்னைச் சொல்லிப் பேசுங்கள். அது எனக்குச் சேரவேண்டியது. அதில் ஒரு சொட்டுக்கூட அவன் பெயரில் எழுத விடமாட்டேன்.